ப்ரிக்ஃபீல்ட்ஸில் விலகிய இரண்டு கைகள்

என் கணவரை நான் என் இரண்டு கையாலேயே கொன்றிருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் எல்லாரும் தங்களை நல்லவர்களாகக் காட்டித் தொடங்குவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆண்டவர் எப்பேர்ப்பட்ட முட்டாளுக்கு இரக்கம் காட்டினார் என்று தெரிந்தால்தான், அந்த இரக்கம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும்.

நான் ரெஜினா. கிள்ளானில் காலைப் பாசாரில் இடியாப்பம் விற்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கும் என் இடியாப்பத்தைத் தெரியும். மகள் பிறந்த வருடத்திலிருந்து பிழிகிறேன், அவளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அதனால் என் கைக்கு நல்ல பலம். சபையில் யாருக்காவது தோள் வலி, இடுப்பு வலி என்றால் ஜெப எண்ணெய்க் குப்பியோடு என்னிடம்தான் வருவார்கள். நான் ஜெபித்துக்கொண்டே அமுக்கி விடுவேன். "ரெஜினாக்கா கை வெச்சா வலி பறந்துடும்லா" என்பார்கள். "எல்லாம் கர்த்தர் செய்யறது" என்று வாயால் சொல்வேன். மனசுக்குள் அந்தப் புகழில் கொஞ்சத்தை என் கைக்கும் ஒதுக்கிவைத்துக்கொள்வேன். அதுதான் என் வியாதி. கணவருக்கு வந்த வியாதியைவிட அது பழையது.

என் கணவர் செல்வராஜ் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சபைக்கு வருகிற கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை நான் புடவை கட்டிக்கொண்டு புறப்படும்போது, "எனக்கும் சேத்து ஒரு சீட்டு போட்டு வை" என்று சோபாவில் இருந்தபடி சொல்லுவார். நல்ல மனுஷர். ஆனால் சொன்ன பேச்சு கேட்கமாட்டார். வண்டியில் ஏறினால் ஜொகூர் போய்ச் சேரும்வரை இறங்கமாட்டார். தண்ணீர் குடித்தால் வழியில் நிறுத்த வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கமாட்டார். இருபது வருடமாக இதே பழக்கம்.

போன வருடக் கடைசியில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் மகள் ஜாஸ்மின் சோதனைக் கருவி வாங்கிவந்து மூக்கில் விட்டுப் பார்த்தாள். இரண்டு கோடு. கொரோனா.

இப்போதெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டு யார் பயப்படுகிறார்கள்? முன்பு தெருவே அடைத்துக்கொண்டு கிடந்தோம். இப்போது சளி என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரைப் பின்னறையில் படுக்க வைத்தேன். "கட்டில விட்டு எறங்கினா பாத்துக்குங்க" என்று மிரட்டிவைத்தேன். கஞ்சி, ரசம், மாத்திரை எல்லாம் கட்டிலுக்கே போனது. ஐந்து நாள் அந்த மனுஷர் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டார், அதுவும் கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. அன்று காலையிலேயே இடது கெண்டைக்காலில் வலி என்றார். தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இறுகி, சூடாக இருந்தது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நானே முடிவு கட்டினேன். படுத்தே கிடந்தவருக்கு வேறு என்ன வரும்?

ஜெப எண்ணெயும் தைலமும் கலந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடியாப்பம் பிழிகிற கை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கட்டை விரலை ஊன்றி அமுக்கினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வலி வெளியேறுகிறது என்று நான் இன்னும் அழுத்தினேன், இன்னும் சத்தமாக ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒரு தடவை. சனிக்கிழமை இரண்டு தடவை.

கால் வலி குறைந்த பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியைத் தூக்கிப் பார்த்தால் இடது கால் வலது காலைவிடப் பெருத்திருந்தது. ஜாஸ்மின் சொன்னாள்: "மா, எனக்கு இது சரியாப் படல. கிளினிக்குக்காவது கூட்டிட்டுப் போலாம்."

"விசுவாசமில்லாத பேச்சுப் பேசாத" என்றேன் நான்.

அன்று சபையில் கைகளை உயர்த்தி நான் செய்த ஜெபம் எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஆண்டவரே, என் கைக்கு அடங்கல. இதைவிட நல்ல கையா ஒண்ணக் காட்டும். அந்தக் கை பட்டதும் வலி போகட்டும்." ஆஸ்பத்திரி என்ற நினைப்பே அந்த ஜெபத்தில் இல்லை. ஆண்டவருக்கே நான் வழி வகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் உருட் என்கிற மலாய் மசாஜ் பார்க்கிற மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் உண்டு. சுளுக்கு, பிடிப்பு எல்லாம் தேய்த்து எடுப்பதில் கெட்டிக்காரர். போன் செய்தேன். மகன் கல்யாணத்துக்காக டெங்கிலுக்குப் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். அவர் பிடித்தால் எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடிப்பார். அந்தக் கல்யாணத் தேதியைக் குறித்ததும் கர்த்தர்தான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

ஜாஸ்மினுக்கு வேலை தலைநகரில், ப்ரிக்ஃபீல்ட்ஸ் பக்கம். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தால் அங்கே பார்வையில்லாதவர்கள் நடத்துகிற மசாஜ் கடை ஒன்றுக்குப் போவாள். முறையாகப் படித்துவிட்டு வேலை செய்கிறவர்கள். கணேசன் அண்ணே என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்லுவாள். கிளினிக் வேண்டாம் என்கிற அம்மாவை வேறு எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று அவள் அவரிடம் நேரம் கேட்டு வைத்தாள். நான் உடனே ஸ்தோத்திரம் சொன்னேன். நல்ல கையைக் காட்டும் என்று கேட்டேன், காட்டிவிட்டார் என்று.

திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். பெடரல் ஹைவேயில் ஒரே ஜாம். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த அவர் வழக்கமாகச் சொல்கிற நையாண்டி ஒன்றுகூடச் சொல்லவில்லை. நான் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்: "அங்க போயி கொரோனான்னு வாயத் தொறக்காத. சொன்னா தொடமாட்டாங்க." முகக்கவசம் போட்டிருக்கிறோமே, காய்ச்சலும் விட்டுவிட்டதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். விசுவாசி நான். பொய்யை மடியில் கட்டிக்கொண்டு அற்புதம் வாங்கப் போனேன்.

கடை கீழ்த்தளத்தில் இருந்தது. திரை போட்டுப் பிரித்த சின்னச் சின்ன அறைகள். கணேசன் அண்ணே ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு, வெள்ளை டீ சட்டை. சுவரில் முருகன் படம் ஒன்று, பூ வைத்திருந்தது. எனக்கு லேசாக முகம் சுளித்தது. பரவாயில்லை, கை நன்றாக இருந்தால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, என் கணவரின் இரண்டு காலிலும் ஒவ்வொரு கையை வைத்தார். சும்மா வைத்தார், அவ்வளவுதான். நான் கண்ணை மூடி, "இப்போ, ஆண்டவரே" என்று உதட்டுக்குள் ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் அவர் கை காலில் இல்லை.

இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுல நான் கை வைக்கமாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"ரெண்டு காலும் ஒரே ஆளோடது மாதிரி இல்ல. இது நெருப்பாச் சுடுது. தோல் விண்ணுனு இழுத்துட்டு நிக்குது. காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"சும்மா சளிதான்" என்றேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து அந்த ஜாமில் வந்திருக்கிறோம். சபை முழுக்க ஜெபித்திருக்கிறது. இவர் தொட்ட மாத்திரத்தில் வலி போகவேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன், இவரானால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது நான் ஒன்று சொன்னேன். அதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

"கண்ணு தெரியாத உங்களுக்கு வீக்கம் எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்றேன்.

ஜாஸ்மின் "மா" என்று என் கையைப் பிடித்தாள். அவர் கோபப்படவில்லை.

"பாக்கலக்கா, தொட்டேன்" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. மூச்சு எப்படி இருக்கு?"

என் கணவர் என் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நேத்துலேருந்து கட்டில்லேருந்து பாத்ரூம் போறதுக்குள்ள இரைக்குது. இருமினா நெஞ்சுல குத்துது. சொன்னா ரெஜி பயப்படும்னு சொல்லல." கூடவே, "கொரோனா வந்து எட்டு ஒம்பது நாளாச்சு, தம்பி" என்றும் சொல்லிவிட்டார்.

அந்த அறையில் எனக்கு உட்கார இடமில்லாமல் போனது. நான் ஒன்றை மறைத்தேன், அவர் ஒன்றை மறைத்தார். மறைக்காமல் இருந்தவர் எங்கள் இருவரையும் முன்பின் தெரியாத அந்த மனுஷர் ஒருவர்தான்.

கணேசன் அண்ணே எழுந்து நின்றார். குரல் மாறிவிட்டது. "அக்கா, எங்களுக்கு மொதமொதல்ல சொல்லிக்குடுக்கறது எங்க கை வைக்கக் கூடாதுங்கறதுதான். இந்த மாதிரிக் கால்ல ரத்தம் ஒறஞ்சு கட்டியா இருக்கலாம். அமுக்கினா அது பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிரும். முன்ன ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு. முடியாதுன்னேன். கோவிச்சுக்கிட்டு வேற எடத்துக்குப் போய்ப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அவர் சம்சாரம்தான் வந்து சொன்னாங்க, போயிட்டாருன்னு."

எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஞாபகம் வந்தது. என் கட்டை விரல் இரண்டையும் பார்த்தேன்.

"கிள்ளானுக்குத் திரும்பிப் போகாதீங்க" என்றார் அவர். "பக்கத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. அண்ணன நடக்க விடாதீங்க. கவுன்டர்ல கால் வலின்னு மட்டும் சொன்னா ஒக்கார வெச்சிருவாங்க. கொரோனா வந்துச்சு, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, மூச்சு இரைக்குது. மூணையும் சேத்துச் சொல்லுங்க. ஒளிக்காதீங்க."

சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி ஒன்றை அவரே உள்ளேயிருந்து உருட்டிவந்தார். அதில் என் கணவரை உட்காரவைத்து கார்வரை தள்ளினோம். கணேசன் அண்ணே ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை கூடவே வந்து நின்றார். நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

எமர்ஜென்சி கவுன்டரில் மூன்றையும் சேர்த்துச் சொன்னேன். அங்கே இருந்த ஊழியர் என் கணவரின் விரலில் கிளிப் ஒன்றை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். உடனே எழுந்து தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். உயிராபத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கிற இடம் அது, சிவப்பு மண்டலம் என்று எழுதியிருந்த கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஃபரா என்று ஓர் இளம் மலாய் டாக்டர். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, களைத்துப்போன கண். என் கணவரின் தொடை இடுக்கில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். மலாயில் மெதுவாக விளக்கினார். இரண்டு வட்டம் தெரிகிறதா, ஒன்று துடிக்கிறது, அது நல்ல ரத்தம் கொண்டுபோகிற குழாய். இன்னொன்று ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவருகிற குழாய். நான் லேசாக அழுத்தினால் இது சப்பையாகி மூடிக்கொள்ளவேண்டும். பாருங்கள் என்று அழுத்தினார். வலது காலில் மூடியது. இடது காலில் மூடவில்லை. முழங்காலுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், அங்கேயும் மூடவில்லை. உள்ளே ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டு நின்றது.

கொரோனா மாதிரிக் கிருமிக் காய்ச்சல் வந்தால் சில பேருக்கு ரத்தம் சீக்கிரம் உறையும், அதோடு படுத்தே கிடந்தால், தண்ணீரும் போதாமல் இருந்தால், ஆபத்து கூடும் என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டில் யாராவது உருட் செய்தார்களா?"

இந்தத் தடவை நான் ஒளிக்கவில்லை. "நான்தான் செஞ்சேன், டாக்டர். மூணு தடவை" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: சின்னத் துண்டு ஒன்று உடைந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் மூச்சு இரைக்கிறது. பெரிய கட்டி இன்னும் காலில்தான் இருக்கிறது. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஊசி போட்டாயிற்று. இனி அது அங்கேயே நிற்கவேண்டும். இன்றைக்கும் நாளைக்கும் முக்கியம்.

"யார் உங்களை இங்கே அனுப்பியது?" என்று கேட்டார்.

ப்ரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் செய்கிற கண் தெரியாத ஒருவர் என்றேன். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார் என்றேன். டாக்டர் ஃபரா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவர் ஓர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார், ஆன்டி. நாங்கள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சாயந்தரம் ஆகிவிட்டது. ஜாஸ்மின் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். பத்து பேர் கூடியிருந்தால் ஒன்பது பேர் குரலை அமுக்குகிற மாதிரி ஜெபிக்கிறவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது? அவருக்கு வந்ததைக் குணமாக்கும் என்று கேட்கலாம். நான் செய்ததை என்னவென்று சொல்லிக் கேட்பது? பெரிய கட்டி காலிலேயே நிற்கவேண்டுமாம். அதை அசைத்துவிட்டவள் நான். என் கண்ணுக்கு முன்னால் அந்த மூடாத வட்டமே நின்றது.

கையை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். கடைசியில் வந்தது ஒரே ஒரு வாக்கியம். "ஆண்டவரே, நான் அமுக்கின எடத்த நீர் பிடிச்சுக்கும்."

அவ்வளவுதான். இதையே சொன்னேன். ஜாஸ்மின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுதலாக எதுவும் கேட்கவில்லை, வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. முந்தின நாள் சபையில் நான் கேட்ட ஜெபம் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. இதைவிட நல்ல கையைக் காட்டும் என்று கேட்டேனே. காட்டியிருக்கிறார். தொடுகிற கையைக் கேட்டேன், விலகுகிற கையைக் காட்டியிருக்கிறார். என் ஜெபத்துக்குப் பதில் அன்று காலையிலேயே வந்துவிட்டது. நான் அந்தப் பதிலிடம் சண்டை போட்டுவிட்டு, கண் தெரியாது என்று சொல்லிக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து அழுத அழுகையை நான் என் அம்மா இறந்தபோதுகூட அழவில்லை.

டாக்டர் ஃபரா வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு போகிறவர், என்னைப் பார்த்து நின்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். தன் பையிலிருந்து மைலோ பாக்கெட் ஒன்றை எடுத்து, குழலையும் குத்தி, என் கையில் வைத்தார். "சபார், ஆன்டி" என்றார். பொறுமையாக இருங்கள் என்று அர்த்தம். "நாங்கள் மருந்து கொடுக்கிறோம். நீங்கள் ஜெபியுங்கள். இரண்டு பேரும் வேலையை விடக் கூடாது."

நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் காலை உள்ளே போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் காலுக்கு மேலே வைத்து மறைத்துக்கொண்டார்.

"கிட்ட வராத. அமுக்கிருவ" என்றார்.

சிரித்துவிட்டேன். கூடவே அழுதேன். நையாண்டி திரும்பி வந்துவிட்டது, மனுஷரும் வந்துவிடுவார் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

பெரிய கட்டி அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. நாளுக்கு நாள் மூச்சு சீரானது. ஆக்சிஜனை எடுத்தார்கள். வயிற்றில் போட்ட ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தம் உறையாமல் தடுக்கிற அந்த மாத்திரையைப் பல மாதம், ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தேன். ஜெபித்துவிட்டேன், மாத்திரை எதற்கு என்று கேட்கிற ரெஜினா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே செத்துப்போனாள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவர் எனக்கு முன்னாலேயே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருகிறார். பின் வரிசையில்தான் உட்காருவார், அது போதும். லோரியில் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று வைத்திருக்கிறார். வழியில் நிறுத்தி இறங்கி வண்டியைச் சுற்றி நடக்கிறார். நடக்கும்போது ஜெபிக்கிறாராம். "ஒரு ரவுண்டு டாக்டருக்கு, ஒரு ரவுண்டு கணேசனுக்கு, கடைசி ரவுண்டு ஒனக்கு" என்கிறார். எனக்கு ஏன் கடைசி என்று கேட்டால், "ஒன் கைக்குத்தான் ரொம்ப ஜெபம் வேணும்" என்கிறார்.

நானும் மாறியிருக்கிறேன். இப்போதும் வலி என்று எண்ணெய்க் குப்பியோடு என்னிடம் வருகிறார்கள். நெற்றியில் ஒரு விரலால் தொட்டு ஜெபிப்பதோடு சரி. ஜெபித்து முடித்ததும், "எந்த டாக்டரப் பாத்தீங்க?" என்று கேட்பேன். போன மாதம் காப்பாரிலிருந்து ஒரு சகோதரி வந்தார். காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தவர், ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. நெற்றியில் எண்ணெய் வைத்தேன், ஆமென் சொன்னேன், அதே செருப்போடு காரில் ஏற்றி எமர்ஜென்சியில் கொண்டுபோய் விட்டேன். கவுன்டரில் நானே பேசினேன். எதையும் ஒளிக்கவில்லை. அவருக்கும் கட்டிதான். இன்றைக்கு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நம்மில் சிலருக்கு இது கேட்கக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். திருநீறு பூசின ஒருவர், தொழுகைக்குப் போகிற ஒரு டாக்டர் பெண், இவர்கள் வழியாகவா கர்த்தர் உனக்குப் பதில் கொடுத்தார் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஆமாம் என்றேன். சபையில் இருந்த கைகளில் வலிய கை என்னுடையது. அதைத்தான் அவர் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

இனி ஒன்றுதான் சொல்ல மீதி இருக்கிறது. தை மாதம் ஒரு காலை, வாழை இலையில் இடியாப்பம் கட்டி, தேங்காய்ப் பூவும் பழுப்புச் சீனியும் தனியாக வைத்து எடுத்துக்கொண்டு, மூன்று பேரும் ப்ரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். கணேசன் அண்ணேயிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன். அவர் முன்னால் நின்றதும் இடியாப்பப் பொட்டலத்தைத்தான் முதலில் நீட்டினேன்.

"கிள்ளான் அக்காதானே?" என்றார் அவர். "மூச்சு விடறதுலேயே தெரியுது, கோவத்துல இல்ல இன்னைக்கு."

"அண்ணே, அன்னைக்கு நான் பேசினது" என்று தொடங்கினேன். அவர் அதைக் கேட்க விரும்பவில்லை. "அண்ணன் வந்திருக்காரா?" என்றுதான் கேட்டார்.

என் கணவர் அதே கட்டிலில் உட்கார்ந்து, கைலியை முழங்கால்வரை தூக்கி, இரண்டு காலையும் நீட்டினார். கணேசன் அண்ணே கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். அமுக்கவில்லை. ஒவ்வொரு காலிலும் ஒரு கையைச் சும்மா வைத்தார். வைத்த கையை அவர் எடுக்கவில்லை. நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இப்ப ரெண்டும் ஒரே ஆளோட கால்தான்" என்றார்.

சகோதர சகோதரிகளே, ஆண்டவரிடம் கேளுங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள், அவர் கொடுக்கிறவர். நீங்கள் கேட்டு வந்த கை உங்களை விட்டு விலகினால் மட்டும், என்னைப் போல அதோடு சண்டைக்கு நிற்காதீர்கள். அது எங்கே போகச் சொல்கிறதோ அங்கே உடனே புறப்படுங்கள். என் கணவர் இன்று காலையும் என்னைக் கேலி செய்துவிட்டுத்தான் லோரியை எடுத்தார்.